சைகோனில் போய் பர்கர் எதற்கு? பான் மீ வாங்க, சாப்பிட, வீட்டில் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வியட்நாம் போய்வந்தவர்களிடம் "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டு "பாதி நாள் பர்கரும் ஃப்ரைடு சிக்கனும்தான்" என்பவர்கள் நிறையப் பேர். 2023இல் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, நேரடி விமானம் தொடங்கிய பிறகு இந்தப் பதில் இன்னும் அடிக்கடி காதில் விழுகிறது. தயக்கம் புரிகிறது. எந்த வண்டியில் என்ன இறைச்சி இருக்குமோ, மொழியும் தெரியாது, வயிறு கெட்டால் பயணமே போச்சு. ஆனால் அந்த பர்கர் கடை வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி பொருத்திய ஒரு தள்ளுவண்டி நின்றிருக்கும். அங்கே அன்று சுட்ட ரொட்டியைப் பிளந்து, கீரையும் ஊறுகாயும் இறைச்சியும் வைத்து, ஒரு நிமிடத்தில் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். அதுதான் பான் மீ.

விலையைப் பார்ப்போம். சாதாரண வண்டியில் ஒரு பான் மீ 15,000 முதல் 35,000 டோங் வரை. சுமார் 300 டோங் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 ரூபாயிலிருந்து 120 ரூபாய்க்குள் அடங்கிவிடும். பன்னாட்டுக் கடையின் பெரிய பர்கர் ஒன்றே 70,000 டோங் அளவில் வரும். உருளைக்கிழங்கு வறுவல், குளிர்பானம் எல்லாம் தனி. கே.எஃப்.சி. 1997இலேயே வியட்நாமுக்கு வந்துவிட்டது. மெக்டொனால்ட்ஸ் 2014இல் சைகோனில் முதல் கடையைத் திறந்தது. சுமார் பத்துக் கோடி மக்கள் இருக்கும் நாட்டில், பத்து வருடம் கழித்தும் அதன் கிளைகள் சில டஜனைத் தாண்டவில்லை. துரித உணவு அந்த ஊர் நடைபாதைக்குப் புதிது அல்ல என்பதுதான் காரணம். அதைவிட வேகமானது, மலிவானது ஏற்கெனவே மூலைக்கு மூலை இருந்தது.

மலிவு என்றால் பழையதாக இருக்கும், புதிதாக வேண்டுமானால் காசு அதிகம் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு இங்கே செல்லாது. வண்டிக்காரருக்குப் பெரிய குளிர்சாதனப் பெட்டி கிடையாது, கடை வாடகையும் பெரும்பாலும் கிடையாது. ரொட்டியைப் பக்கத்தில் ரொட்டி சுடும் அடுப்படியிலிருந்து அன்றன்றைக்குத்தான் எடுக்கிறார். மீந்தால் அவருக்கு நஷ்டம். அதனால் தீரும் அளவுக்குத்தான் வாங்குவார். நம் ஊர்த் தெருமுனை இட்லிக் கடையில் மாவு தீர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்களே, அதே வியாபாரம்தான். சேமித்து வைக்க வழியில்லாததே ரொட்டியைப் புதிதாகவும் மலிவாகவும் வைத்திருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எந்த ஊரிலும் நல்ல பான் மீ வாங்கிவிடலாம். கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

கொஞ்சம் பழைய கதை

1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. அவர்களோடு கோதுமை ரொட்டி, வெண்ணெய், ஈரல் விழுது, பதப்படுத்திய இறைச்சி எல்லாம் வந்தன. வியட்நாமில் கோதுமை விளைவதில்லை; மாவு கப்பலில்தான் வர வேண்டும். அதனால் ரொட்டி நீண்ட காலம் துரைமார் மேசையிலும் பணக்கார வீட்டிலும்தான் இருந்தது. ரொட்டி ஒரு பக்கம், இறைச்சித் துண்டுகள் ஒரு பக்கம் என்று தட்டில் தனித்தனியாக வைத்துச் சாப்பிடுவது வழக்கம்.

1954இல் ஜெனீவா ஒப்பந்தத்தால் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். அப்படி வந்த ஒரு தம்பதி 1958இல் சைகோனில் ஹோவா மா என்ற கடையைத் தொடங்கினார்கள். அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. தட்டில் இருந்ததை எல்லாம் ரொட்டிக்குள் வைத்துக் கையில் கொடுத்த ஆரம்பகாலக் கடைகளில் அதுவும் ஒன்று. காவ் தாங் தெருவில் இன்றும் இருக்கிறது. காலையில் போனால் சந்துக்குள் சின்ன ஸ்டூல் போட்டு, சுடச்சுட இரும்புத் தட்டில் முட்டையும் இறைச்சியும் வைத்துத் தருவார்கள். ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

முதல் படி: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

எந்தக் கடை என்று தேடுவதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்று யோசியுங்கள். வியட்நாமின் ஈரக் காற்றில் ரொட்டியின் மொறுமொறுப்பு சில மணி நேரம்தான் தாங்கும். அடுப்படிகள் விடியற்காலையில் ஒரு முறையும் மதியத்துக்கு மேல் இன்னொரு முறையும் சுடுவது வழக்கம். ஆகவே காலை 6 முதல் 9 வரை நல்ல நேரம். மாலை 4 மணிக்கு மேல் இன்னொரு வாய்ப்பு. பகல் 12 மணிக்கு வாங்கினால் காலை ரொட்டிதான் கிடைக்கும், அதுவும் தோல் நமுத்துப்போய். பேர்பெற்ற கடையில் மதியம் வாங்குவதைவிட, பேரே இல்லாத வண்டியில் காலை ஏழு மணிக்கு வாங்குவது மேல் என்பேன்.

இரண்டாம் படி: ரொட்டியைப் பாருங்கள்

பான் மீயில் முக்கால் பங்கு ரொட்டிதான். உள்ளே எவ்வளவு உயர்ந்த இறைச்சி வைத்தாலும் ரொட்டி சரியில்லை என்றால் எல்லாம் வீண்.

பிரெஞ்சு பகெட்டின் வழிவந்ததுதான் என்றாலும் இது வேறு சாதி. பகெட் நீளமானது, தோல் தடிமன், உள்ளே இழுவை. கடித்தால் தாடை வலிக்கும். பான் மீ ரொட்டி ஒரு சாண் நீளம், நடுவில் உப்பியிருக்கும், தோல் மெல்லியது, உள்ளே பஞ்சு. கையில் எடுத்தால் பார்வைக்குத் தோன்றுவதைவிட எடை குறைவாக இருக்க வேண்டும். லேசாக அழுத்தினால் தோல் சடசடவென்று நொறுங்கிச் சத்தம் வர வேண்டும். மேலே கீறிய இடத்தில் மடல் மாதிரி ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஈஸ்ட் தாராளமாகப் போடுவதும், வைட்டமின் சி கலந்த மாவு மேம்படுத்தியைச் சேர்ப்பதும், அடுப்புக்குள் நீராவி விடுவதும் சேர்ந்துதான் இந்தத் தன்மையைக் கொடுக்கின்றன. அரிசி மாவு கலப்பதால்தான் இவ்வளவு மொறுமொறுப்பு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பெரும்பாலான அடுப்படிகளில் அப்படி ஒன்றும் கலப்பதில்லை. முழுக்கக் கோதுமை மாவுதான், நம் ஊர் மைதா.

ரொட்டியைத் துணி மூடிய கூடையில் வைத்திருக்கிறாரா, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பிளாஸ்டிக் பை என்றால் ஈரம் உள்ளேயே அடைபட்டுத் தோல் தோல்பை மாதிரி ஆகிவிடும். வண்டிக்கு அடியில் சின்னக் கரி அடுப்போ, பக்கத்தில் ஒரு மின்சார அடுப்போ வைத்து, கொடுப்பதற்கு முன் ஒரு முறை சூடு காட்டுகிறவர் என்றால் யோசிக்காமல் நில்லுங்கள்.

மூன்றாம் படி: வண்டியைத் தேர்ந்தெடுங்கள், வயிற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்

கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போங்கள் என்பது எல்லோரும் சொல்வது. எந்தக் கூட்டம் என்பதுதான் முக்கியம். கேமராவோடு நிற்கும் சுற்றுலாக் கூட்டத்தை நம்ப வேண்டாம். ஸ்கூட்டரை அணைக்காமலே இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் வந்து போகிறார்களா என்று பாருங்கள். அவர்கள் நாளைக்கும் வருகிறவர்கள். கடைக்காரர் அவர்களை ஏமாற்ற முடியாது.

சுத்தம் பற்றி மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் ஹோய் ஆன் நகரின் உலகப் புகழ் பெற்ற ஒரு கடையில் பான் மீ சாப்பிட்ட 300க்கும் மேற்பட்டவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள். 2024 மே மாதம் டோங் நாய் மாகாணத்தில் வேறொரு கடையில் 500க்கும் மேல். புகழோ நீளமான வரிசையோ கிருமியைத் தடுக்காது. ஆபத்து பெரும்பாலும் ரொட்டியில் இல்லை. வெயிலில் மணிக்கணக்கில் இருக்கும் ஈரல் விழுது, பச்சை மஞ்சள் கருவில் அடித்த மயோனெய்ஸ், ஆறிப்போன இறைச்சித் துண்டு, சரியாகக் கழுவாத கீரை ஆகியவற்றில்தான் இருக்கிறது. ஆகவே:

- இறைச்சி கண்ணாடிக்குள் இருக்கிறதா, ஈ மொய்க்கிறதா என்று பாருங்கள்.
- காசு வாங்கும் கையும் கீரை எடுக்கும் கையும் ஒன்றுதானா என்று கவனியுங்கள்.
- கண்ணெதிரே சுட்டோ பொரித்தோ தருவதைக் கேளுங்கள். தணலில் வாட்டிய இறைச்சி, பொரித்த முட்டை இரண்டும் மற்றவற்றைவிடப் பாதுகாப்பு.
- வெயில் ஏறியபின் வாங்கினால் விழுதும் மயோனெய்ஸும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.
- கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அவை இரண்டையும் எந்த நேரத்திலும் தவிர்ப்பது நல்லது.

நான்காம் படி: உள்ளே என்ன வேண்டும்?

எந்த வகை வாங்கினாலும் அடிப்படை மாறாது. மஞ்சள் கருவும் எண்ணெயும் சேர்த்து அடித்த மயோனெய்ஸ், ஈரல் விழுது, முள்ளங்கியும் கேரட்டும் ஊறிய புளிப்பு ஊறுகாய், நீளவாக்கில் அரிந்த வெள்ளரி, தண்டோடு கொத்தமல்லி, பச்சை அல்லது சிவப்பு மிளகாய், சில சொட்டு மேகி சாஸ் அல்லது சோயா சாஸ். நம் ஊரில் மேகி என்றால் நூடுல்ஸ். அங்கே மேகி என்றால் உப்பும் மணமும் கூடிய கறுப்புத் திரவம், சின்னப் புட்டியில் வரும்.

இதற்குமேல் வைப்பதில்தான் வகைகள். கடைப் பலகையில் முதலில் இருப்பது பெரும்பாலும் "டக் பியட்", அதாவது ஸ்பெஷல்: பன்றி இறைச்சியை அரைத்து வாழையிலையில் சுற்றி வேகவைத்த சா லுவா, பன்றித் தலைக்கறியில் செய்த பாளம், கொழுப்பு வரியோடிய குளிர்ந்த துண்டுகள் என்று எல்லாமே பன்றிதான். ருசியில் இதற்கு ஈடில்லை என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். முதல்முறை சாப்பிடும் நம்மவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. குளிர்ந்த கொழுப்பு நாக்குக்குப் பழக நேரமாகும், ஒரே கடியில் மனசு விட்டுப்போகும்.

அதற்குப் பதிலாகத் "தித் நுவோங்" கேளுங்கள். எலுமிச்சம்புல், பூண்டு, மீன் சாஸ், சர்க்கரையில் ஊறிய பன்றி இறைச்சியைக் கரியில் வாட்டியது. புகை வாசனையை வைத்தே வண்டியைக் கண்டுபிடிக்கலாம். பன்றி வேண்டாம் என்றால் கோழி வைத்ததும் பல வண்டிகளில் உண்டு. "ஓப் லா" என்றால் முட்டை: மஞ்சள் கரு ஓடும் பதத்தில் பொரித்து, சோயா சாஸும் மிளகுத்தூளும் தூவி ரொட்டிக்குள் தள்ளிவிடுவார்கள். கரு முழுக்க வெந்தால் சுற்றுலாக்காரர்களுக்குப் பாதுகாப்பான, மலிவான வகை இதுதான்; அப்படி வேண்டும் என்று கையைக் காட்டிப் புரியவைக்கலாம். "கா மோய்" என்பது தக்காளிச் சாற்றில் கிடக்கும் டின் மத்தி மீன். வெங்காயத்தோடு சூடாக்கி வைப்பார்கள். டின் மீன் பழகிய இலங்கைத் தமிழருக்கு இது வீட்டுச் சாப்பாடு.

ஊருக்கு ஊர் வேறுபாடும் இருக்கிறது. மலைநகரமான டா லாத்தில் குளிருக்கு இதமாக, சூடான குழம்பில் மிதக்கும் இறைச்சி உருண்டைகளை ஒரு கிண்ணத்தில் தந்து ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடச் சொல்வார்கள். கடற்கரை நகரமான ந்யா சாங்கில் மீனை அரைத்துப் பொரித்த வடை மாதிரியான சா கா. வடக்கே ஹாய் ஃபோங்கில் விரல் தடிமனில் நீண்ட குச்சி ரொட்டி, உள்ளே விழுதும் காரமான மிளகாய்ச் சாறும் மட்டும்; கீரை, ஊறுகாய் எதுவும் கிடையாது. ஹனோயிலும் பொதுவாக அடக்கமான பான் மீதான். காய்கறியும் இனிப்பும் புளிப்பும் அள்ளித் திணிப்பது தெற்கத்திப் பழக்கம். எனக்குத் தெற்குதான் பிடிக்கும்.

கோழிக் கறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பால், கறித்தூள், எலுமிச்சம்புல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்ட கோழிக் குழம்பைத் தெற்கில் "கா ரி கா" என்கிறார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ளப் பெரும்பாலும் பான் மீ ரொட்டிதான். பிரெஞ்சுக் காலத்தில் சைகோனில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் புதுச்சேரிக்காரர்களும் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களும் கணிசமாக இருந்தார்கள். ட்ரூங் டிங் தெருவின் மாரியம்மன் கோவிலும், 1935இல் கட்டிய டோங் டூ தெருப் பள்ளிவாசலும் அவர்கள் விட்டுப்போனவை. குழம்பில் கறித்தூள் வாசம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கேட்டு வாங்குங்கள்

மொழி பெரிய தடையில்லை. அங்கேயும் அறிமுகமில்லாதவரை உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். உங்களைவிடக் கொஞ்சம் மூத்த பெண்ணை "சீ ஓய்", அம்மா வயதுக்காரரை "கோ ஓய்", அண்ணன் வயது ஆணை "ஆன் ஓய்" என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும். அப்புறம் "மோட் பான் மீ" என்றால் ஒன்று, "ஹாய் பான் மீ" என்றால் இரண்டு.

வேண்டாததற்கு முன்னால் "கோம்" சேருங்கள். "கோம் ஹெயோ" என்றால் பன்றி வேண்டாம். "கோம் போ" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாட்டிறைச்சிக்கும் அந்த மயோனெய்ஸுக்கும் உள்ள சொற்கள் இரண்டும் நம் வாயில் ஒரே "போ"வாகத்தான் வரும். கோழிக்கும் மீனுக்கும் இதே கதி, இரண்டும் நமக்குக் "கா". ஆகவே விரலால் சுட்டிக்காட்டுவதே நல்லது, அல்லது கைபேசியில் எழுத்தைக் காட்டிவிடுங்கள். மிளகாய் குறைவாகப் போதும் என்றால் "ஈட் ஓட்". நம் ஆட்கள் பெரும்பாலும் அதைச் சொல்லத் தேவையிருக்காது என்று நினைப்பீர்கள். அங்கே போடும் சின்ன மிளகாயின் காரம் வேறு ரகம். முதல்முறை சொல்லிவிடுவது நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: "பான் மீ சாய்" என்று எழுதிய கடையைத் தேடுங்கள். "சாய்" என்றால் பௌத்தச் சைவ உணவு. டோஃபு, காளான், பயறு, சோயாவில் செய்த போலி இறைச்சி எல்லாம் வைப்பார்கள், சுவையும் நன்றாகவே இருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது கிட்டத்தட்ட நம் அமாவாசையும் பௌர்ணமியும், பலர் சைவம் இருப்பதால் அன்று எல்லாத் தெருவிலும் கிடைக்கும். சாதாரண வண்டியில் "முட்டை மட்டும்" என்று கேட்பது அரைகுறைத் தீர்வு. விழுது தடவிய அதே கத்தியால்தான் உங்கள் ரொட்டியையும் பிளப்பார்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மேலே சொன்ன பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் உணவகங்கள் உண்டு.

ஆறாம் படி: வாங்கியவுடன் சாப்பிடுங்கள்

வாங்கிய பதினைந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஊறுகாய்ச் சாறு ரொட்டிக்குள் இறங்கிவிட்டால் மொறுமொறுப்பு போய்விடும். காகிதத்தை முழுக்கப் பிரிக்காதீர்கள். மேல் பாதியை மட்டும் கிழித்துக் கீழ்ப் பாதியைப் பிடித்துக்கொண்டு கடியுங்கள். சட்டை முழுக்கத் துகள் விழும், அது நல்ல ரொட்டிக்கு அடையாளம். பேருந்தில் எடுத்துப்போக வேண்டுமானால் ஊறுகாயைத் தனிப் பையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஐஸ் போட்ட கறுப்புக் காப்பியோ கரும்புச் சாறோ போதும். கோலா தேவையே இல்லை.

வியட்நாமுக்கு வெளியே

1975க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்கள் பான் மீயை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். சிட்னியின் காப்ரமட்டா, மெல்போர்னின் ஃபுட்ஸ்க்ரே, பாரிஸின் 13ஆம் வட்டாரம், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, டொராண்டோவின் ஸ்படைனா பக்கம் எல்லாம் நல்ல கடைகள் உண்டு. சான் ஹோசேயில் 1980களில் உணவு வண்டியோடு தொடங்கிய ஒரு குடும்பத்தின் லீஸ் சாண்ட்விச்சஸ் இன்று பெரிய சங்கிலிக் கடை.

இந்த ஊர்களில் எப்படித் தேர்ந்தெடுப்பது? கடைக்குள்ளேயே ரொட்டி சுடுகிறார்களா என்று பாருங்கள், அது ஒன்றே போதும். வியட்நாம் ஆட்கள் வெறும் ரொட்டியை மட்டும் பை பையாக வாங்கிப்போனால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். நகர மையத்து நாகரிக உணவகத்தில் இரண்டு மடங்கு விலைக்கு, கெட்டியான புளித்த மாவு ரொட்டியில், வாத்து இறைச்சி வைத்துத் தருவதையும் பான் மீ என்றுதான் சொல்கிறார்கள். சாப்பிடலாம், ஆனால் அதற்காகக் காசைக் கரைக்க வேண்டாம்.

வீட்டில் செய்வது

ரொட்டியை வீட்டில் சுடாதீர்கள். சைகோனிலேயே யாரும் வீட்டில் சுடுவதில்லை. அந்த நீராவியும் சூடும் வீட்டு அடுப்பில் அமைவது கடினம். மெல்லிய தோல் கொண்ட நீள ரோல் எதுவும் உதவும். புதுச்சேரி பேக்கரி பகெட் கிடைத்தால் சுவை நல்லதுதான், ஆனால் கொஞ்சம் முரடு. உள்ளிருக்கும் பஞ்சைப் பிய்த்தெடுத்துவிட்டால் சரியாகிவிடும். இனிப்பு பன் மட்டும் வேண்டாம். ரோலின் மேல் கையால் தண்ணீர் தெளித்து, 180 டிகிரி அடுப்பில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள். நமுத்த ரொட்டிகூட உயிர்பெற்றுவிடும்.

அடுத்து ஊறுகாய். இதை முதல் நாளே போட்டுவிடுங்கள். வெள்ளை முள்ளங்கி 250 கிராம், கேரட் 250 கிராம் இரண்டையும் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாக நீளமாக அரியுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டு மூன்று நிமிடம் பிசையுங்கள். ஒரு முள்ளங்கிக் குச்சியை எடுத்து இரு முனையும் தொடும்படி வளையுங்கள். உடையாமல் வளைந்தால் போதும். தண்ணீரில் அலசி, நன்றாகப் பிழிந்துவிடுங்கள். வெள்ளை வினிகர் 300 மில்லி, வெதுவெதுப்பான தண்ணீர் 240 மில்லி, சர்க்கரை 100 கிராம் கலந்து கரைத்து ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் சாப்பிடலாம், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று வாரம் தாங்கும். பாட்டிலைத் திறந்தவுடன் முள்ளங்கி நாற்றம் வீட்டைத் தூக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்; கால் மணி நேரம் திறந்து வைத்தால் போய்விடும்.

கோழிக்கு: எலும்பில்லாத தொடைக்கறி 500 கிராம். எலுமிச்சம்புல்லின் அடித்தண்டைப் பொடியாக நறுக்கி இரண்டு மேசைக்கரண்டி, பூண்டு மூன்று பல், சின்ன வெங்காயம் நான்கு, மீன் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஊறட்டும். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகச் சூடாக்கி, பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் வாட்டுங்கள். சர்க்கரை இருப்பதால் சட்டென்று கருகும். அடுப்பை விட்டு நகராதீர்கள். ஓரம் கொஞ்சம் கருகினால்தான் சுவை, அதையும் சொல்லிவிடுகிறேன். சைவத்துக்கு இதே மசாலாவில் மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, பொரித்த டோஃபுவைப் புரட்டினால் போதும். கரம் மசாலா, மஞ்சள்தூள் பக்கம் கை போக வேண்டாம். போனால் வருவது வேறு பண்டம்.

மயோனெய்ஸைக் கடையிலேயே வாங்கிவிடலாம், இனிப்பில்லாததாகப் பாருங்கள். முட்டை சேர்க்காதவர்களுக்கு வெண்ணெய். ஈரல் விழுது இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அடுக்கும் முறை இப்படி. சூடான ரொட்டியை ஒரு பக்கமாகப் பிளந்துகொள்ளுங்கள், மறுபக்கம் ஒட்டியிருக்க வேண்டும். உள் பஞ்சைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் மயோனெய்ஸ் தடவி, சோயா சாஸ் நான்கைந்து சொட்டு விடுங்கள். கறி, அதன்மேல் வெள்ளரி, ஒரு கைப்பிடி நன்றாகப் பிழிந்த ஊறுகாய், நான்கைந்து கொத்தமல்லித் தண்டு, மிளகாய். பிழியாமல் ஊறுகாயை வைத்தால் இரண்டு நிமிடத்தில் ரொட்டி சதசதவென்று ஆகிவிடும்.

அளவில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். ஒரு ரொட்டிக்கு 60 அல்லது 70 கிராம் கறி போதும், காயும் ஊறுகாயும் அதைவிட அதிகமாகவே இருக்கட்டும். கறியை அள்ளி வைத்தால் அது பர்கராகிவிடும். மேலே சொன்ன 500 கிராம் கோழியில் ஆறு ரொட்டி வரும். உடம்புக்கு மிக நல்லது என்று இதைத் தூக்கிப்பிடிக்க மாட்டேன். மைதாவும் உப்பும் சர்க்கரையும் இதிலும் உண்டு. பச்சைக் காய் கூடுதலாகவும் பொரித்தது குறைவாகவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

மீந்துபோன ரொட்டியைத் தூக்கிப்போடாதீர்கள். உருட்டுக்கட்டையால் தட்டையாக்கி, வெண்ணெயும் மிளகாய் உப்பும் தடவித் தணலில் வாட்டினால் சைகோன் மாலைத் தெருக்களில் விற்கும் நொறுக்குத் தீனி. இல்லையென்றால் துண்டு போட்டு இட்லிப் பாத்திரத்தில் மூன்று நிமிடம் அவித்து, மேலே எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தாளை ஊற்றி, மீதமிருக்கும் கோழியைக் கொத்தி வைத்து, கீரை இலையில் மடித்துச் சாப்பிடலாம்.